கேட்டுத் தொடும் அறை

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். முட்டி மட்டும் படிக்கட்டைப் பார்த்தால் முறைக்கிறது. உன் மனைவியும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? உன் பல்வலி தேவலையா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போன் செய்தால் நீ இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்" என்று கைமாற்றிவிடுகிறாய். கடிதம் உன் பெயருக்கு வரும், நீயேதான் படித்தாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சுகாதார நிலையத்தில் போன வருடம் எனக்கு ஓர் அறை ஒதுக்கியதாகச் சொன்னேன் அல்லவா? திட்டத்தின் முழுப் பெயரைச் சொன்னால் மூச்சு வாங்கும்: 'மனக்காயம் உணர்ந்த முதல்நிலைச் சிகிச்சை, வயது வந்தோருக்கானது, சோதனை ஓட்டம்.' நோயாளிகள் வைத்த பெயர் 'கேட்டுத் தொடுற ரூம்'. அவ்வளவுதான் அது. தொடுவதற்கு முன் கேட்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். கதவுப் பக்கத்து நாற்காலி நோயாளிக்கு. அவருக்கும் கதவுக்கும் நடுவில் நாங்கள் யாரும் நிற்க மாட்டோம்.

இங்கே ஒரு தையல்காரம்மா இருக்கிறார். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக் காற்று ஏற்றினால் போதும், பிய்த்துப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவார். பல வருடமாக அவர் சீட்டில் 'ஒத்துழைப்பதில்லை' என்றே எழுதி வந்தார்கள். இந்த அறையில் நான், "பட்டையை நீங்களே சுத்திக்குங்க, பட்டன் உங்க கையில, எப்ப வேணாலும் நிறுத்தலாம்" என்றேன். "நெசமாவே நிறுத்தலாமா?" என்று கேட்டு, நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்க இரண்டு தடவை நிறுத்தினார். மூன்றாவது தடவை விட்டார். வந்த அளவைப் பார்த்து எங்கள் டாக்டரம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கை கால் இழுத்துக்கொண்டு படுத்திருப்பார். இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார், என் ரவிக்கை அளவு தப்பு என்று திட்டுகிறார். அவருக்கு என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. யாரோ எப்போதோ அந்தக் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள், அது தெரிந்தால் எங்களுக்குப் போதும்.

ஜூனோடு பணம் முடிகிறது. என்னோடு இருக்கும் இரண்டாவது நர்ஸின் சம்பளம் அதிலிருந்துதான். அவள் போனால் நான் மறுபடி வரிசைக்குப் போய்விடுவேன், ஆளுக்கு மூன்று நிமிஷம், கையை நீட்டு, நாக்கை நீட்டு, அடுத்த ஆள். தொடர்வதற்கான கோப்பு உன் நிதிப் பிரிவுக்குத்தான் வருமாம். தம்பி அங்கே உட்கார்ந்திருப்பதற்கு ஒரு பிரயோஜனம் இருக்கட்டும். கொஞ்சம் பார்.

பல்லைப் பார்க்கவும் மறக்காதே.

அக்கா

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நீ விசாரிக்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: அப்பாவும் நன்றாக இருக்கிறார். காதுதான் ரொம்ப மந்தமாகிவிட்டது. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு டிவியில் கார்ட்டூன் பார்க்கிறார். பல்லுக்கு ஒரு கிராம்பு வைத்திருக்கிறேன்.

கோப்பு வந்துவிட்டது. பார்த்தேன். மனதைத் தேற்றிக்கொள். குழந்தைகளுக்கான இதே மாதிரித் திட்டத்துக்கு நாங்கள் கேள்வியே கேட்காமல் பணம் கொடுத்தோம். அதன் அட்டையில் ஒரு பாப்பா படம் இருந்தது, பாவமாகப் பார்த்துக்கொண்டு. உன்னுடையதில் 'வயது வந்தோர்' என்று இருக்கிறது. எங்கள் தலைவர் அதைப் படித்துவிட்டு, "இத்தனை வயசுக்கு மேல இவங்களைக் கேட்டு வேற தொடணுமா? பழசை மறந்துட்டு மாத்திரையை முழுங்க வேண்டியதுதானே" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், உத்தியோகம் அப்படி.

அழுது புரளாமல் எண்ணிக்கை அனுப்பு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமானார்கள், அரசுக்கு என்ன மிச்சம். அது இருந்தால் நான் பேச முடியும்.

தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். உன் கடிதத்தைப் படித்த அன்று மட்டும் எனக்கே பிரஷர் பார்த்திருக்க வேண்டும்.

எண்ணிக்கை தனிக் கவரில் டாக்டரம்மா கையெழுத்தோடு வருகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பாதியில் விட்டு ஓடியவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று இருக்கும். கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எவ்வளவு குறைந்தது என்றும் இருக்கும். 'குணமானவர்கள்' என்ற கட்டத்தில் கோடு போட்டிருக்கிறோம். காய்ச்சலா இது, இறங்கிற்று என்று எழுதுவதற்கு?

உங்கள் தலைவரிடம் ஒன்று கேட்டுச் சொல். அட்டைப் படத்துப் பாப்பாவுக்கு யாரும் ஒன்றும் செய்யாமல் விட்டால் அது என்னவாகும்? நாற்பத்தைந்து வயது ஆகும். எங்கள் வரிசையில் வந்து நிற்கும். அப்போது அதற்குப் படமும் இல்லை, பணமும் இல்லை.

சரி, உன் பல். கிராம்பு வைத்தால் வலிக்குத்தான் கேட்கும், சொத்தைக்குக் கேட்காது. நாற்காலியைச் சாய்க்காமல், நீ நிமிர்ந்து உட்கார்ந்தபடியே பார்க்கும் பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடலாம்: நான் கையைத் தூக்கினால் நீங்கள் கையை எடுத்துவிட வேண்டும் என்று. வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் அறையில் ஒரு லாரி டிரைவர், ஆறடி உயரம், ஊசி போடும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறார். போன தடவை பல் டாக்டரின் கையைத் தட்டிவிட்டு நீ பாதியில் எழுந்து வந்ததை உன் மனைவி சிரிப்பாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

நலம். எண்ணிக்கை வந்து சேர்ந்தது. நன்றாகவே இருக்கிறது.

என் பல்லை உன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போகாதே. நான் உன் நோயாளி இல்லை. எனக்கு நேரம் இல்லை, அதனால் போகவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவின் கால் முன்போல் ஊன்ற மாட்டேன் என்கிறது. காலையில் நான்தான் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிறேன். முதுகு தேய்க்கும்போது, "நல்லாருப்பா" என்கிறார். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும்தான் பெல்ட் இருந்தது. நீ மட்டும் இன்னும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாய்.

கோப்பு விஷயம்: மே முதல் வாரம் ஆய்வுக் குழு உங்கள் இடத்துக்கு நேரில் வருகிறது. நான் அதில் உறுப்பினர், எப்படியோ என் பெயரை நுழைத்துக்கொண்டேன். எண்ணிக்கையை யாரும் படிக்கப் போவதில்லை. தலைவருக்குக் கதை வேண்டும். ஒரு நோயாளியைத் தயார் செய். பெண்ணாக இருந்தால் நல்லது. என்ன நடந்தது, எப்படித் தவித்தாள், இந்த அறை எப்படிக் காப்பாற்றியது, ஐந்து நிமிஷம். எனக்கு இருபது வருட அனுபவம், அக்கா: கண்ணீர் வந்தால் கையெழுத்து வரும்.

இன்னொன்று. நீ என் அக்கா என்று அங்கே யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் கோப்பே செத்துவிடும். என்னை 'சார்' என்று கூப்பிடு.

தம்பி

மார்ச் 29

அன்புள்ள தம்பி சார் அவர்களுக்கு,

இங்கு யாவரும் சேமம். அங்கு சாரின் பல் சேமமா?

நீ கேட்பது என்னவென்று உனக்கே புரிகிறதா? இந்த அறைக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. யாரையும் கதை சொல்ல வைக்க மாட்டோம். அவர்களாகச் சொன்னால் கேட்போம், வெளியே கொண்டுபோக மாட்டோம். அந்த விதிக்குத்தான் நாங்கள் பணம் கேட்கிறோம். பணம் வேண்டுமென்றால் விதியை உடைத்துக் காட்டு என்கிறாய். நீச்சல் தெரியுமா என்று பார்க்கக் குளத்து நீரை இறைத்துவிட்டுக் குதிக்கச் சொல்வது மாதிரி இருக்கிறது.

மேலே உள்ளதை எழுதி நான்கு நாள் கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். இரண்டாவது நர்ஸ் தினமும் என் முகத்தைப் பார்க்கிறாள். நேற்று தையல்காரம்மா வந்தார். மாத்திரை வாங்கிக்கொண்டு எழுந்தவரிடம் கேட்டேவிட்டேன். கேட்கும்போது எனக்கு நாக்கு கூசியது.

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "சொல்லாட்டி ரூமை மூடிடுவாங்களா?" என்றார்.

"மூடலாம்" என்றேன்.

"எங்க வீட்டுக்காரருக்கே நான் சொன்னதில்ல நர்ஸம்மா." மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, "உங்களுக்காக வரேன்" என்றார்.

அவருக்காகத்தான் அறை, எனக்காக அவர் வரக் கூடாது. ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போதுமா?

அக்கா

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

நலம். முகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மாத்திரை போடுகிறேன், நீ ஆரம்பிக்காதே.

தையல்காரம்மா ஒத்துக்கொண்டது நல்ல செய்தி. இரண்டு தடவை சொல்லிப் பார்க்க வை. நடுவில் நிறுத்தினால் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பெயர் சொல்ல வேண்டாம், 'எனக்குத் தெரிந்த ஒருத்தி' என்றுகூடச் சொல்லலாம். கேட்கிறவர்களுக்குப் புரியும்.

அப்பா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். உன் சின்ன வயதுப் படத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். பதில் எழுதும்போது அவருக்கு ஒரு வரி எழுது, நான் காதருகே படித்துக் காட்டுகிறேன்.

தம்பி

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டாய். வீடு போய்ச் சேர்ந்தாயா? வீக்கம் வடிந்ததா?

நீ அங்கேதான் இருந்தாய், உனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுதிவிடுகிறேன். நீங்கள் நான்கு பேர் வந்தீர்கள். அந்தச் சின்ன அறையில் இடம் இல்லை என்று உங்கள் தலைவர் கதவுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இன்னொருவர் கதவில் சாய்ந்து நின்றார். நான் சொல்ல வாயெடுத்தேன், சார்களிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். தையல்காரம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று உங்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் தலைவர், "பயனாளியே இல்லையா? யாருக்காகத்தான் இந்தத் திட்டம்?" என்று கோப்பை மூடினார். பேனாவைச் சட்டையில் சொருகிக்கொண்டார். டாக்டரம்மா எண்ணிக்கைத் தாளை நீட்டியபடியே நின்றார், யாரும் வாங்கவில்லை. இரண்டாவது நர்ஸ் மூலையில் நின்று அழ ஆரம்பித்தாள். அந்த ஆளின் வாயிலிருந்து 'பழசை மறந்துட்டு' என்ற வார்த்தை மறுபடி வந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும்.

அப்போதுதான் நான், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் சார்" என்று ஆரம்பித்தேன்.

நினைத்துச் சொல்லவில்லை, தம்பி. நடுவில் நிறுத்தவும் முடியவில்லை. ஊரே மதிக்கும் அப்பா. கையில் பெல்ட். அடிக்கும்போது பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று இன்னொரு கையால் பையனின் வாயைப் பொத்திக்கொள்வார். மூக்கும் சேர்ந்து மூடிவிடும். மூச்சுக்குத் தவித்து அவன் காலை உதைப்பான், அதற்கு இன்னும் இரண்டு. அவன் அக்கா அடுத்த அறையில் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். அந்தப் பையன் இன்றைக்குப் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான். வாய்க்கு மேல் யாருடைய கை வந்தாலும் தட்டிவிட்டு எழுந்துவிடுவான். பல் சொத்தையாகி முகம் வீங்கினாலும் டாக்டரிடம் போக முடியவில்லை. அதே அப்பாவை இன்று தினமும் அவன்தான் குளிப்பாட்டுகிறான். அதையும் சொல்லிவிட்டேன்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுத் திரும்பி உன் முகத்தைப் பார்த்தார். வீங்கின கன்னத்தைப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். நீ உன் கையாலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

நான் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். கடைசிவரை அதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன்.

ஒரு வரி எழுது.

அக்கா

ஜூன் 6

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? பதில் இல்லை. நேற்று போன் செய்தேன். உன் மனைவி எடுத்து, "அவர் குளிக்கறார் அண்ணி" என்றாள். பின்னால் உன் குரல் கேட்டது, பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். வழக்கமாக அப்பாவிடமாவது போனைக் கொடுப்பாய். நேற்று அதுவும் இல்லை.

இரண்டாவது நர்ஸுக்கு மாதக் கடைசியோடு வேலை முடிகிறது என்று தாள் வந்துவிட்டது. தையல்காரம்மா வரவே இல்லை. மாத்திரை தீர்ந்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், ஆனால் கேட்காமல் அவர் வாசலில் போய் நிற்க எனக்கு இப்போது என்ன யோக்கியதை இருக்கிறது?

திட்டியாவது எழுது.

அக்கா

ஜூன் 25

அனுப்புநர்: நிதிப் பிரிவு அலுவலர், சுகாதார இயக்ககம்.
பெறுநர்: மருத்துவ அலுவலர். நகல்: செவிலியர், மேற்படி திட்டம்.

பார்வையில் காணும் தங்கள் கருத்துருவும், ஆய்வுக் குழுவின் பரிந்துரையும் பரிசீலிக்கப்பட்டன. 'மனக்காயம் உணர்ந்த முதல்நிலைச் சிகிச்சை, வயது வந்தோருக்கானது' எனும் திட்டத்தை மேலும் இரண்டு ஆண்டுகளுக்குத் தொடரவும், இரண்டாவது செவிலியர் பணியிடத்தை நீட்டிக்கவும் நிதி ஒப்பளிப்பு செய்து ஆணையிடப்படுகிறது.

நிபந்தனைகள்: கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படுத்தப்பட வேண்டும். பணியிடம் முற்றிலும் தற்காலிகமானது. இத்திட்டத்தின் பயனை விளக்கும் பொருட்டு, எந்தவொரு நபரின் கடந்தகால அனுபவமும், பெயருடனோ பெயரின்றியோ, அந்நபரின் முன் அனுமதி இல்லாமல் எக்குழுவின் முன்பும் எடுத்துரைக்கப்படலாகாது. மீறினால் ஒப்பளிப்பு ரத்தாகும்.

ஒப்பம்,
நிதிப் பிரிவு அலுவலர்

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு நலம் என்று எழுதக் கை வரவில்லை.

ஆணை வந்தது. அறையே கூத்தாடியது. இரண்டாவது நர்ஸ் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். டாக்டரம்மா கடைசி நிபந்தனையைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இதை எழுதினவருக்கு நம்ம வேலை நல்லாப் புரிஞ்சிருக்கு" என்றார். நான் கை கழுவப் போவதுபோல வெளியே போய்விட்டேன்.

தப்பு செய்துவிட்டேன். அறையைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அந்தத் தலைவருக்குக் கேட்க வேண்டும் என்பதைவிட, உனக்குக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் இருந்தது. நீ 'எல்லா வீட்டிலும்தான் பெல்ட் இருந்தது' என்று எழுதியதிலிருந்து அது உள்ளேயே கொதித்துக்கொண்டிருந்தது. மன்னித்துவிடு.

தையல்காரம்மாவுக்கு இரண்டாவது நர்ஸ் வழியாக, வரலாமா என்று கேட்டனுப்பினேன். வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மாத்திரையை மட்டும் அவளிடம் வாங்கிக்கொண்டாராம். என் ரவிக்கையைத் தைத்து, மடித்து, அவளிடமே கொடுத்தனுப்பியிருந்தார். அளவு சரியாக இருக்கிறது.

பதில் எழுது, தம்பி.

அக்கா

செப்டம்பர் 21

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. உட்காரவைத்துப் பார்க்கும் டாக்டரைத் தேடவெல்லாம் இல்லை. சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்து, முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்கினார்கள். யாருடைய கை என் வாய்க்கு மேல் வந்தது என்று எனக்குத் தெரியாது. அது ஒன்றுதான் நிம்மதி.

அலுவலகத்தில் எல்லாரும் இப்போது என்னிடம் ரொம்ப மரியாதை. தலைவர் என் தோளில் கை போட வந்து, பாதியில் நிறுத்திக்கொள்கிறார். கேன்டீனில் ஒரு வாலிபன் கை குலுக்குவதற்கு முன், "தொடலாமா சார்?" என்றான். மேஜையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், உத்தியோகம் அப்படி. வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து உன் கோப்பு வேறு ஒருவரிடம் போகும். அவருக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று கேள்வி. தைரியமாக எழுது.

நீ ஒரு நாளும் விசாரிக்காத அப்பா உயிரோடுதான் இருக்கிறார். குளிப்பாட்ட ஓர் ஆளைப் போட்டிருக்கிறேன். நான் அந்தப் பழசைப் பொத்திப் பொத்தி வைத்துத்தான் தினமும் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்படி வைத்திருக்க எனக்கு எத்தனை வருடம் பிடித்தது என்று உனக்குத் தெரியாது. உங்கள் ஊரிலிருந்து வந்த மறுநாள் சோப்பைக் கையில் எடுத்தேன். கை அவர் வாயருகே போய் நின்றுவிட்டது. என்ன செய்யப் போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் ஊற்றுவேன் என்று காத்திருந்தார். சோப்பை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் குளியலறைக்குள் அவர் இருக்கும்போது நான் போவதில்லை. "மகன் எங்க?" என்று அந்த ஆளிடம் கேட்கிறாராம். ஆபீஸ் போய்விட்டதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

மன்னிப்பு எல்லாம் பெரிய வார்த்தை. என்னிடம் அவ்வளவு கையிருப்பு இல்லை. இனி விசேஷம் ஏதாவது இருந்தால் மட்டும் எழுது. உடம்பு எப்படி, பல் எப்படி என்று கேட்காதே.

உன் அறையைப் பற்றி ஆணையில் நானே கையெழுத்துப் போட்டேன். நல்ல அறைதான், சந்தேகமே இல்லை. டிரைவரைக் கேட்கிறாய், தையல்காரம்மாவைக் கேட்கிறாய், முகம் தெரியாத யார் யாரையோ தொடுவதற்கு முன் கேட்கிறாய். அன்றைக்கு நான் உனக்கு எதிரே நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துக் கேட்டிருந்தால், நான் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

தம்பி